கணக்கு நோட்டும் காணிக்கைக் கூடையும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நான் தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில் இருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஐயரம்மா (போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி) ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, படுக்கப் போகும்முன் கர்த்தர் அன்றைக்குச் செய்த பத்து நன்மைகளை எழுதச் சொன்னார்கள். தொடக்கத்தில் ஆசையாக எழுதினேன். மனசுக்கு ஆறுதலாகவும் இருந்தது. அப்புறம் 2023 வெள்ளம் வந்தது.

எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்தான். பின்தெரு மூழ்கிவிட்டது. வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில் எங்கள் தெரு அம்மா ஒருவர் எழுந்து, "சுத்திலும் தண்ணி. ஆனா கர்த்தர் என் வீட்டு வாசப்படியத் தாண்ட விடல" என்றார். எல்லோரும் அல்லேலூயா சொன்னோம். நானும்தான். எனக்கு முன்வரிசையில் பின்தெரு அக்கா ஒருவர் இருந்தார். வீடும் போய், வளர்த்த ஆடுகளும் போய், யாரோ கொடுத்த சேலையில் வந்திருந்தார்.

அன்றிலிருந்து நோட்டைத் திறந்தால் பேனா ஓட மாட்டேன் என்கிறது. நான் எழுதுவதெல்லாம் யாரோ ஒருவருக்கு இல்லாதது. "பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்கள்" என்று எழுதினால், ஆஸ்பத்திரியில் கிடக்கும் தங்கச்சி பிள்ளையின் முகம் வருகிறது. எழுதாமல் விட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேனோ என்ற பயம். எதை நினைத்து நன்றி சொல்வது அண்ணன்? நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா? அந்த அக்காவைத் தூரத்தில் பார்த்தாலே நான் வேறு வழியாகப் போய்விடுகிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் பேனா நின்றது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். அது விசுவாசக் குறைவு இல்லை. எழுத முடியாமல் நீங்கள் திணறும் அந்த ஜெபத்தை வேதாகமத்தில் ஒருவன் தடங்கலே இல்லாமல் ஜெபித்திருக்கிறான். லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் வரும் பரிசேயன், வேதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன்.

அந்த உவமையைப் பெருமைக்கு எதிரான பாடமாகவே கேட்டு வளர்ந்தோம். சரி, பெருமைதான். ஆனால் அவன் செய்தது என்ன என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஆலயத்துக்கு வந்தான். கடவுளை நோக்கிப் பேசினான். ஒன்றையும் கேட்கவில்லை. நம் ஜெபங்களில் முக்கால்வாசி விண்ணப்பம்; அவனுடையதில் விண்ணப்பமே கிடையாது, முழுக்க ஸ்தோத்திரம். "தேவனே! நான் பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் ஆகிய மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." அதில் எனக்கு உறுத்துவது "இந்த ஆயக்காரனை" என்று, அங்கே நின்ற வரி வசூலிப்பவன் பக்கம் விரல் நீட்டும் இடம். அவன் நன்றி சொல்வதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆயக்காரன் அன்றைக்குக் கோயிலுக்கு வராமல் இருந்திருந்தால் பரிசேயனுடைய ஜெபம் பாதியில் நின்றிருக்கும்.

உங்கள் தெரு அம்மாவை நான் பரிசேயன் என்று சொல்லவில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, அது வாசற்படியோடு நின்றது பெரிய காரியம். உயிர் தப்பியவருக்கு வாயிலிருந்து வருவது பெருமூச்சு. அதைப் போய் யாராவது இலக்கணம் பார்ப்பார்களா? ஆனால் மைக்கைக் கையில் வாங்கியதும் அந்தப் பெருமூச்சு ஒரு சாட்சியாகிவிடுகிறது, சாட்சிக்குக் கேட்பவர்கள் உண்டு. "கடைசி நிமிஷத்தில் அந்த பஸ்ஸில் ஏறாமல் இறங்கிவிட்டேன், ஆண்டவர் காப்பாற்றினார்" என்று சொல்கிற சாட்சிகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த பஸ்ஸில் ஏறியவர்களுடைய அம்மாக்கள் எந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி சிறு வயதிலேயே எனக்கு வந்ததுண்டு. கேட்டதற்குக் கிடைத்த பதில் தலையில் ஒரு குட்டு.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கச் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம். ஆறு கரை மீறியது, குளங்கள் உடைந்தன. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போனது. மேட்டில் இருந்த வீடு தப்பியது, பள்ளத்தில் இருந்த வீடு போனது. ஊரில் எந்தத் தெரு மேட்டில், எந்தத் தெரு பள்ளத்தில் என்பதெல்லாம் சில தலைமுறைகளுக்கு முன்பே முடிவானது. யார் முடிவு செய்தார்கள், பள்ளத்தை யாருக்கு ஒதுக்கினார்கள் என்பதை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் மறந்துவிட்டு "கர்த்தர் என் வாசற்படியைக் காத்தார்" என்று சொன்னால், மனுஷன் செய்த பாகப்பிரிவினையில் கடவுளைக் கையெழுத்துப் போட வைக்கிறோம். இயேசு மழையைப் பற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறார்: நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் பிதா மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்று. வறண்ட நாட்டில் மழையை ஆசீர்வாதமாகப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. வெள்ளத்துக்கும் அதே கணக்குதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே "எதை நினைத்து நன்றி சொல்வது" என்ற உங்கள் கேள்வி சரியான கேள்வி. மளிகைக் கடையில் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று இருப்பு நோட்டு, கடையில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று காட்டும். இன்னொன்று பற்று நோட்டு, யார் யார் என்ன கடனாக வாங்கினார்கள், இன்னும் கொடுக்க வேண்டியது என்ன என்று காட்டும். நீங்கள் இதுவரை எழுதியது இருப்பு நோட்டு: வீடு இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சுகம் இருக்கிறது, அவருக்கு வேலை இருக்கிறது. இருப்பை எழுதினால் பக்கத்துக் கடை இருப்பைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. நீங்கள் வாங்கிய பற்றை எழுதுங்கள். பற்றில் ஒப்பிட ஒன்றும் இல்லை. யார் கை வழியாக வந்தது என்பதுதான் அதில் இருக்கும்.

அதே வெள்ளத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் 17ஆம் தேதி ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலில் சுமார் 800 பேர். ஒரு பகுதியினரைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து யாரும் கிட்டே வர முடியவில்லை. ஹெலிகாப்டர் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது பிறகுதான். அதற்கு முன்னால் அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி மக்கள். தங்கள் ஊரே தண்ணீரில் இருக்கும்போது, வீட்டில் இருந்த அரிசியைப் பொங்கிக் கொடுத்தார்கள்.

அந்த ரயிலில் இருந்த ஒருவர் ஊர் போய்ச் சேர்ந்து, உங்களைப் போல ஒரு நோட்டை எடுத்து எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். "வெள்ளத்தில் பலர் செத்தார்கள், நான் பிழைத்தேன், ஸ்தோத்திரம்" என்று எழுதலாம். "முன்பின் தெரியாத ஒருத்தி எனக்குக் கஞ்சி ஊற்றினாள், அவள் வீட்டுக்குள் அப்போது தண்ணீர் நின்றது, ஸ்தோத்திரம்" என்றும் எழுதலாம். இரண்டுமே உண்மை, இரண்டுமே கடவுளுக்குத்தான் போகின்றன. முதலாவதில் அடுத்தவன் எனக்குக் கீழே கிடக்கிறான். இரண்டாவதில் நான் அவளுக்குக் கடன்பட்டு நிற்கிறேன். எழுதி முடித்த பிறகு எழுந்து என்ன செய்யத் தோன்றுகிறது என்பதிலும் வித்தியாசம் இருக்கும்.

இதை ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். (ஐயரம்மா கொடுத்த நோட்டுக்கே மூலம் அங்கேதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இப்போது பல பிரசங்கங்கள் மனோதத்துவப் புத்தகங்களிலிருந்துதான் வருகின்றன, அதில் தப்பில்லை.) ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. அதன் ஒரு பகுதியில் கல்லூரி மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு நன்றிக்குரியவற்றை எழுதியது. ஒரு குழு எரிச்சல் தந்தவற்றை எழுதியது. மூன்றாவது குழு, மற்றவர்களைவிடத் தாங்கள் எந்தெந்த விதத்தில் நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதியது. அந்த மூன்றாவது குழுதான் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இடம். கடைசியில், மற்றவருடைய கஷ்டத்தில் கைகொடுத்ததாக, ஆறுதல் சொன்னதாக அதிகம் தெரிவித்தவர்கள் நன்றியை எழுதிய முதல் குழுவினர்தான். ஒப்பிட்டுத் திருப்திப்பட்டவர்கள் அந்த அளவுக்கு இல்லை. ஆய்வு செய்துதான் இது தெரிய வேண்டும் என்றில்லை. ஆனாலும், தெரிந்த ஒன்றை யாரோ எண்ணிச் சொன்னால் ஒரு தெம்பு.

வேதாகமத்திலேயே இதற்கு இன்னும் பழைய ஒரு முறை இருக்கிறது. உபாகமம் 26. முதல் விளைச்சலைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஆசாரியனிடம் போக வேண்டும். கூடையைக் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. வாயைத் திறந்து ஒரு கதையைச் சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. அதன் முதல் வரி, "என் தகப்பன் அழிவுக்கேதுவான சீரியா தேசத்தானாயிருந்தான்." அதாவது, நாங்கள் ஒன்றுமில்லாத நாடோடிகளாக இருந்தோம், எகிப்துக்குப் பிழைக்கப் போனோம், அங்கே அடிமையானோம், கூப்பிட்டோம், கேட்டார், கொண்டுவந்து சேர்த்தார், இதோ அந்த நிலத்தின் முதற்பலன். இவ்வளவுதான் கதை. கூடையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்து நிலத்துக்காரனுடைய கூடையைப் பற்றியும் கிடையாது. யாராயிருந்தோம், எப்படி வந்தோம் என்பது மட்டும். சொல்லி முடித்ததும் அடுத்த கட்டளை, லேவியனும் (ஆலய ஊழியம் செய்யும் கோத்திரத்தான்) உன்னிடத்தில் இருக்கிற அந்நியனும் நீயும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்பது. நிலமில்லாத இரண்டு பேரை, நிலத்துக்காக நன்றி சொல்லும் விருந்தில் உட்கார வைத்தே ஆக வேண்டும். பின்தெரு இல்லாமல் அந்தப் பண்டிகை செல்லாது.

நம் அறுப்பின் பண்டிகையிலும் இதன் சாயல் இருக்கிறது. கூடை நன்றாகவே வந்து சேர்ந்திருக்கிறது. வாழைத்தார், பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிக் கொட்டான், கால் கட்டிய சேவல் என்று ஆலயத்தின் முன்பக்கம் சந்தை மாதிரி ஆகிவிடும். ஏலத்துக்கு நான் ரசிகன். ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகும். எடுத்தவர் திரும்பக் காணிக்கையாகவே கொடுக்க, அதே பழம் மறுபடி ஏலத்துக்கு வரும். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளைகளை உசுப்பிவிட்டு விலை ஏற்றுவதற்கென்றே ஊரில் ஒரு ஆள் இருப்பார். அந்தச் சிரிப்பும் ஆராதனைதான், எனக்குச் சந்தேகமே இல்லை. கூடையோடு வந்திருக்க வேண்டிய கதைதான் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ஒரே ஒரு முட்டை கொண்டுவந்த கிழவியிடம், இந்த முட்டை எப்படி வந்தது, கோழி ஏது, சொல்லுங்கள் என்று மைக்கைக் கொடுக்கிறோமா? ஏலத்தில் கேட்கும் பெயர், அதிக விலைக்கு எடுத்தவர் பெயர்.

கதை சொல்லி நன்றி செலுத்தும் வித்தையை நான் பார்த்தது என் ஆச்சியிடம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்புறம் ஆச்சியின் ஜெபம். அது எப்போது முடியும் என்று ஆண்டவருக்கும் தெரியாது. பிள்ளைகள் நாங்கள் முழங்கால் போட்டபடியே தூங்கிவிழுவோம். ஆச்சி ஜெபத்தில் "எனக்கு இது இருக்கு, அது இருக்கு" என்று வந்ததே இல்லை. ஆட்கள்தான் வருவார்கள். மூத்த பிள்ளை தலை திரும்பி நின்றபோது ராத்திரியில் லாந்தரோடு வந்த மருத்துவச்சி. கையில் காசில்லாத வருஷம், "பொறவு தாங்க" என்று சொல்லித் துணி கிழித்துக் கொடுத்த காயல்பட்டினத்து பாய். அப்பாவுக்குப் பரீட்சைப் பணம் கட்டிய வாத்தியார். பஞ்ச காலத்தில் பதநீர் கொடுத்த பனையேறி. பள்ளிக்கூடத்தில் பால் மாவு வந்தபோது அதை அனுப்பிய "கடலுக்கு அங்கிட்டு இருக்கிற, மொகந் தெரியாத மக்க". ஒவ்வொருவரையும் சொல்லி, அவர்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிக்கச் சொல்லி, அடுத்தவருக்குப் போவார்கள். பலர் அப்போது உயிரோடு இல்லை. எங்களுக்கு அந்தப் பெயர்கள் சொந்தக்காரர் பெயர் மாதிரி மனப்பாடம். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டு கொடுத்திருந்தால் அடுப்பு மூட்ட வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஜெபத்தில் பாதிப்பேர் நம் சபைக்காரர்கள் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். கடவுளுக்குச் சொல்கிற நன்றி ஊருக்குள் போய்ச் சுற்றிவந்துதான் மேலே ஏறும் என்று ஆச்சி நம்பியிருக்க வேண்டும். நான் கேட்டதில்லை.

முஸ்லிம்கள் நிறைய வாழும் காயல்பட்டினம் என்றதும் இன்னொன்று. குர்ஆனின் 55ஆம் அத்தியாயம், அர்ரஹ்மான். உங்கள் இறைவனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள் என்று பொருள்படும் கேள்வி அதில் 31 முறை திரும்பத் திரும்ப வருகிறது. அதன் முதல் பகுதியில் அருட்கொடைகளாக எவை சொல்லப்படுகின்றன என்று பாருங்கள். சூரியன், சந்திரன், உயிர்களுக்காக விரிக்கப்பட்ட பூமி, பழம், பேரீச்சை, தானியம், கடலிலிருந்து வரும் முத்தும் பவளமும், மலைகள் போல் ஓடும் கப்பல்கள். முத்துக் குளித்த கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் தனியாக ஒரு சிலிர்ப்பு. எனக்குப் பிடித்தது வேறு விஷயம். சூரியனும் சந்திரனும் எனக்கு இருந்து பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லாமல் போகுமா? எல்லோருக்கும் பொதுவானதையே எடுத்து முன்னால் வைத்து, இதில் எதை இல்லை என்பாய் என்று கேட்கிறது. உங்களுக்குப் பேனா ஓடாத ராத்திரிகளில் அப்படிப் பொதுவானது ஒன்றை எழுதலாம். காலையில் வெயில் வந்தது, பின்தெருவிலும் சுவர் காய்ந்தது. அதை எழுத உங்களுக்கு உறுத்தாது.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி இருக்கிறதல்லவா, அது உங்கள் ஆற்றங்கரையிலேயே பாடப்பட்டிருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் பிறந்த நம்மாழ்வார், கடவுள் தன் வாயால் தன்னையே பாடவைத்த உதவிக்கு என்ன கைம்மாறு செய்வது என்று யோசிக்கிறார். உயிரைக் கொடுக்கலாமா?

"உதவிக் கைம்மாறு என் உயிர் என்ன உற்றெண்ணில்
அதுவும் மற்றாங்கவன் தன்னது"

கொடுக்கலாம் என்று பார்த்தால் அந்த உயிரும் அவனுடையதாக இருக்கிறதே என்கிறார். இங்கேயும் அங்கேயும் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று பாட்டை முடித்துவிடுகிறார். நம் 116ஆம் சங்கீதக்காரனும் இதே முட்டுச்சந்தில் வந்து நிற்பவன்தான். "கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்?" காணிக்கைக் கவரில் அச்சடிக்கிற வசனம் இது. அடுத்த வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்." என்ன செலுத்துவேன் என்று கேட்டவன், இன்னொரு பாத்திரத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறான்! அடைக்க முடியாத பற்று என்று தெரிந்துகொண்ட பிறகு வருகிற ஒரு நிம்மதி அதில் இருக்கிறது. நீங்கள் பத்து நன்மைகளை எழுதி முடித்துக் கணக்கை நேர் செய்ய வேண்டியதில்லை. நேர் ஆகாது.

இனி, அந்த அக்கா.

அவருக்கு யாரும் நோட்டு கொடுக்காதிருக்கட்டும். "உயிரையாவது காத்தாரே, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்று வெள்ளம் வடிந்த மறுநாளே சொல்லியிருப்பார்கள், நம் ஆட்களைத் தெரியாதா? "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்பதைச் சாவு வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். அதைச் சொன்னவன் யோபு. எல்லாவற்றையும் இழந்தவன் தானாகச் சொன்னது. அவனுக்காக வேறு யாரும் சொல்லவில்லை, சொல்லும்படி அவனைக் கேட்கவும் இல்லை. அவனைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. சங்கீதம் 88ஐயும் படித்துப் பாருங்கள். முறையீடாகத் தொடங்கி முறையீடாகவே முடிகிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் வரும் ஸ்தோத்திரம் அதில் வருவதே இல்லை. அதையும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். நன்றி சொல்ல முடியாதவர்களுக்கும் ஆலயத்தில் இடம் உண்டு என்பதற்கு அதுவே போதும்.

அவரைப் பார்க்கப் போங்கள். வசனம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் அல்லேலூயா சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். உங்கள் மனச்சுமையை இறக்கிவைக்கும் இடமாக அவர் வீடு ஆகிவிடக் கூடாது. அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது, எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேளுங்கள். சொல்ல விரும்பினால் சொல்வார். பெரும்பாலும் அந்தக் கதையில் யாரோ ஒரு கை வரும். தோளில் தூக்கிக்கொண்டு போன பையன், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டவர், சேலை கொடுத்தவர். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டாலும், அரசு உதவித்தொகை வந்ததா, வீட்டு மனுவில் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டு, தாலுகா ஆபீஸுக்கு ஒரு நடை கூடப் போய்விட்டு வரலாம்.

நோட்டு விஷயம். தினமும் பத்து என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாம் நாளே "காற்று, தண்ணீர், சாப்பாடு" என்று கை தானாக எழுத ஆரம்பித்துவிடும். சோன்யா லூபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் குழுவும் இதைச் சோதித்திருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்றே ஒன்று எழுதுங்கள். ஒரு ஆள், அவர் செய்தது, அன்றைக்கு உங்கள் நிலைமை என்ன. அரைப்பக்கம் வந்தாலும் வரட்டும். அந்த ஆள் உயிரோடு இருந்தால் ஒரு போன் போட்டுவிடுங்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய டீச்சராக இருந்தால் போனை எடுத்து முதலில் சந்தேகப்படுவார், சீட்டுப் பிடிக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைப்பார். பரவாயில்லை.

எழுதப் பிடிக்காத நாட்களுக்குப் பிடி அரிசி இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போட்டு வைப்பது. நம் பக்கத்துச் சபைகளில் பழைய ஆட்களுக்கு இது தெரியும். காஞ்சிப் பெரியவரும் இதையே பிடி அரிசித் திட்டம் என்று சொல்லி, வீட்டுப் பெண்களைச் செய்யச் சொன்னார். மிசோரமில் 1910 வாக்கில் சபைப் பெண்கள் தொடங்கியது இன்றுவரை நடக்கிறது. சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி, அதைச் சேகரித்து விற்ற பணத்தில்தான் அவர்கள் சபையின் ஊழியம் பெரிய அளவுக்கு நடக்கிறது. ஏழை வீடும் செய்யலாம், ஏலம் கேட்க வேண்டாம், மைக் வேண்டாம். சாப்பிட்ட பிறகு சொல்கிற நன்றியைவிட எனக்கு இது ஒரு படி மேலாகப் படுகிறது, ஏனென்றால் சாப்பாடு ஆவதற்கு முன்பே அதில் இன்னொருவருக்குப் பங்கு போய்விடுகிறது.

ஐயரம்மாவிடம் நோட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அவர்கள் நல்ல மனசோடு கொடுத்தது. சங்கக் கூட்டத்தில் கேட்டால், "பத்து எழுத வரலை, ஒரு ஆளைப் பத்தி எழுதியிருக்கேன்" என்று சொல்லிப் படித்துக் காட்டுங்கள். அடுத்த அறுப்பின் பண்டிகையில் ஏலம் தொடங்கும் முன் காணிக்கை கொண்டுவந்தவர்களில் இரண்டு மூன்று பேரைப் பேசவிடலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஐயரிடம் நேரே கேட்டால் கமிட்டியில் வைக்க வேண்டும் என்பார். ஐயரம்மா வழியாகப் போனால் நடக்கும்.

அன்புடன்.